அப்பா தனியாக இருக்கும் படம்

பன்னிரண்டு வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு லென்ஸ் நடத்தியவன் நான். குவிலென்ஸ், குழிலென்ஸ், குவியத் தூரம், பிம்பம் எங்கே விழும், நேராக விழுமா தலைகீழாக விழுமா, எல்லாவற்றையும் ஸ்கேல் வைக்காமலே கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டுவேன். ஐந்து மார்க் கேள்வி நிச்சயம் என்று மேஜையைத் தட்டிச் சொல்வேன். அப்படிப்பட்டவன் சொந்த அப்பாவின் முகத்தை ஒரு தடவைகூட ஃபோகஸில் பிடிக்கவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது. வெட்கத்தோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். அப்பா, அம்மா, நான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கான காரணங்களை எழுதினால் இன்னொரு புத்தகம் ஆகும், யாரும் வாங்க மாட்டார்கள். தம்பி அமெரிக்காவில். வீடு செம்பாக்கத்தில். எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பா அங்கே ஒரு மனை வாங்கியபோது அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்களாம், தவளைக்குப் பக்கத்து வீடா என்று. தாம்பரத்தில் பஸ் இறங்கி அரை மணி நேரம் வயல்வெளியில் நடக்க வேண்டும். தொண்ணூறுகளில் வயல் எதுவும் மிச்சமில்லை. எதிர் மனையில்கூட யாரோ மாடி வீடு கட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

அப்பா அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்று ஏழெட்டு வருடம் கழித்து மறதி ஆரம்பித்தது. முதலில் சாவி, பிறகு தெரு. ஒரு நாள் காய்கறிப் பையோடு நாலு வீடு தள்ளிப் போய் ஹாலில் உட்கார்ந்து, அந்த வீட்டு அம்மாளிடம் காபி கேட்டிருக்கிறார். அந்த அம்மாளும் நல்ல மனுஷி, போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் எங்களைக் கூப்பிட்டாள். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. இது ஏறாது, இறங்கிக்கொண்டுதான் போகும், நீங்கள் ஜாக்கிரதையாக இருங்கள் என்றார்.

நாள் போகப் போக அப்பாவுக்கு அலுவலகம் மட்டும்தான் மிஞ்சியது. காலையில் குளித்து, வெள்ளைச் சட்டையைப் பேண்ட்டுக்குள் விட்டுக்கொண்டு, வாசல் படியில் உட்கார்ந்துவிடுவார். யார் வந்தாலும் ஒரே கேள்விதான். "ஃபைல் மேலே போயாச்சா?" போயாச்சு சார் என்று சொன்னால் ஒரு நிம்மதிச் சிரிப்பு. இல்லை என்று சொன்னால் அன்றைக்கு முழுவதும் சாப்பிட மாட்டார். பால்காரர், கேஸ்காரர், தபால்காரர் எல்லோருக்கும் நாங்கள் சொல்லி வைத்திருந்தோம். எல்லோரும் போயாச்சு சார் என்றே சொன்னார்கள்.

தொண்ணூற்றெட்டாம் வருடம் மார்கழியில் தம்பி வந்தான். பத்து நாள் இருந்தான். அப்பா இரண்டு நாள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், மீதி எட்டு நாள் சார் என்று கூப்பிட்டார். கிளம்பும் அன்று தம்பி தன் டிஜிட்டல் கேமராவை என் கையில் கொடுத்தான். சோப்புப் பெட்டி அளவுக்கு ஒன்று. ஃபிலிம் கிடையாது. பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு கண்ணாடித் திரை. அதுவரைக்கும் செம்பாக்கத்தில் யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அப்பா அப்பாவாக இருக்கும்போதே நிறையப் படம் எடுத்து அனுப்பு அண்ணா என்றான். சொல்லும்போதே அழுதுவிட்டான். அதற்கு முன் அவன் அழுதது அவனுடைய ஆறாம் வகுப்பில்.

எப்படி எடுப்பது என்றும் சொல்லிக் கொடுத்தான். பட்டனைப் பாதி அமுக்க வேண்டும். கீக் என்று சத்தம் வரும், பச்சை விளக்கு எரியும். அதன் பிறகு முழுதாக அமுக்க வேண்டும். திரைக்கு நடுவே ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அது முகத்தின் மேல் இருக்க வேண்டும், கட்டத்துக்குள் எது இருக்கிறதோ அதைத்தான் கேமரா கூர்மையாகப் பார்க்கும். எனக்கே லென்ஸ் பாடமா என்று உள்ளுக்குள் ஒரு கடுப்பு. தலையை ஆட்டினேனே தவிர, கட்டம் பற்றிச் சொன்னது காதில் விழவில்லை. விழுந்தது, நான்தான் தள்ளிவிட்டேன்.

இங்கே எங்கள் வீட்டுப் போட்டோ சட்டங்களைச் சொல்லியாக வேண்டும். முதல் சட்டம், மூன்று பேர் சேர்ந்து நின்று எடுக்கக் கூடாது, ஒருவருக்கு ஆகாது. அதனால் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு படம்கூடக் கிடையாது. இரண்டாவது சட்டம், வயதானவர்களைத் தனியாக எடுக்கக் கூடாது. சுவரில் மாட்டி மாலை போடுவதற்குத்தான் தனிப் படம். உயிரோடு இருப்பவரை அப்படி எடுத்து வைப்பது அதற்கு ஏற்பாடு பண்ணுகிற மாதிரி. இது அம்மாவின் சட்டம். அப்பாவுக்கு ஞாபகம் போக ஆரம்பித்த பிறகு இதில் அம்மா இன்னும் கெட்டியாகிவிட்டாள். தம்பி கேமராவைக் கொடுக்கும்போதே என்னிடம் சொன்னாள்.

"எவ்வளவு வேணா எடுத்துக்கோ. ஆனா அவரைத் தனியா மட்டும் எடுக்காதே. நானும் கூட நிக்கறேன்."

ஆகவே எடுத்ததெல்லாம் இரண்டு பேருமாகத்தான்.

இதில் என்ன கஷ்டம் என்று உங்களுக்குத் தோன்றும். கஷ்டம் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் ஒட்டி நிற்க மாட்டார்கள். கல்யாணமாகி நாற்பது வருடம் ஆகப் போகிறது, எங்கள் முன்னால் அப்பாவின் கை அம்மா மேல் பட்டு நான் பார்த்ததில்லை. ஸ்கூட்டரில் போகும்போதுகூட அம்மா பின்னால் கம்பியைத்தான் பிடித்துக்கொள்வாள். எண்பதுகளின் கடைசியில் பென்ஷன் புத்தகத்துக்காக இரண்டு பேரும் சேர்ந்து படம் வேண்டும் என்று கேட்டார்கள். தாம்பரத்தில் ஸ்டூடியோவுக்கு நானும் கூடப் போயிருந்தேன். ஒட்டி நில்லுங்க சார், ஒட்டி நில்லுங்க சார் என்று அந்த மனிதர் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். அம்மா முகம் சிவந்து தரையைப் பார்த்தாள். அப்பா அரை அங்குலம் நகர்ந்தார், இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியவில்லை. ஸ்டூடியோக்காரர் அலுத்துப்போய் அப்படியே எடுத்தார். நடுவில் இன்னொரு ஆள் நிற்கலாம்.

ஸ்டூடியோக்காரரே சொல்லி நடக்காததைப் பெற்ற பிள்ளை எப்படிச் சொல்வது? அம்மா, அப்பா பக்கத்தில் நெருங்கி நில் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முப்பத்தெட்டு வயது எனக்கு. அப்போதும் வரவில்லை.

பொங்கல் அன்றைக்குக் காலையில் முதல் படம். கேட்டுக்கு முன்னால் இரண்டு பேரையும் நிற்கவைத்தேன். அப்பா வேட்டி, அம்மா தம்பி வாங்கிக் கொடுத்த புடவை. நான் போர்ட்டிகோ படியில் நின்று, முகம் பெரிதாகத் தெரியட்டும் என்று சூம் செய்து, பட்டனை அமுக்கினேன். கீக் என்றது, பச்சை விளக்கும் எரிந்தது. வெயிலில் திரையில் ஒன்றும் தெரியவில்லை, தெரிந்த வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. ஒன்பது படம் எடுத்தேன். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் திறந்திருந்தார்கள். அதை நடத்தியவர் என்னைவிடக் கொஞ்சம் பெரியவர், முன்னால் ஆட்டோ ஓட்டியவர், இப்போது ஆறு கம்ப்யூட்டர் வைத்திருந்தார். கேமராவை ஒயரில் மாட்டி, ஒவ்வொரு படமாக ஏற்றி, தம்பிக்கு மெயிலில் அனுப்ப ஒரு மத்தியானம் முழுவதும் ஆயிற்று. திரையில் படம் மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதலில் எதிர் மனை, பிறகு அப்பா தலை.

அவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இன்னா சார், பின்னால கீற செங்கல்லு ஒண்ணொண்ணா எண்ணலாம் போல கீது. மூஞ்சிதான் அவுட்டா கீது."

உண்மைதான். இரண்டு பேருக்கும் நடுவே இருந்த இடைவெளி வழியாகக் கேமரா நேராகப் போய், கேட்டுக் கம்பிகளைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிர் மனையில் எழும்பிக்கொண்டிருந்த சுவரைப் பார்த்திருக்கிறது. செங்கல், சிமெண்ட் மூட்டை, மூட்டை மேல் உட்கார்ந்த காக்கை, எல்லாம் பளிச்சென்று இருந்தன. அப்பாவும் அம்மாவும் ஈரக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற மாதிரி இருந்தார்கள். மூக்கு இருக்கிறது என்று தெரிகிறது, என்ன மூக்கு என்று தெரியவில்லை. ஒன்பது படமும் அப்படியே.

தம்பி பதில் போட்டான். கட்டிட வேலை நன்றாக நடக்கிறது என்று கிண்டல் செய்திருந்தான். கீழே மறுபடியும் விளக்கம். கட்டத்தை அப்பா முகத்துக்கு நேராக வை, பட்டனைப் பாதி அமுக்கு, விரலை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு கேமராவைத் திருப்பி இரண்டு பேரும் தெரிகிற மாதிரி வைத்து, பிறகு முழுதாக அமுக்கு. படித்தவுடன் புரிந்தது. புரிவதில் எனக்கு எப்போதும் பிரச்சினை இருந்ததில்லை.

விரலுக்குத்தான் புரியவில்லை. பாதி அமுக்குவது என்றால் எவ்வளவு பாதி? கொஞ்சம் அதிகமானால் எடுத்துவிடுகிறது, கொஞ்சம் குறைந்தால் பச்சை விளக்கு அணைந்துவிடுகிறது. அணைந்த பிறகு அமுக்கினால் மறுபடி செங்கல். கஷ்டப்பட்டுப் பிடித்துவிட்டாலும் அப்பா நிற்க வேண்டுமே. கீக் சத்தம் கேட்டதும் எடுத்தாகிவிட்டது என்று நினைத்துத் திரும்பிவிடுவார். இன்னும் எடுக்கலைப்பா என்றால் மறுபடி விறைப்பாக நிற்பார், மறுபடி கீக், மறுபடி திரும்புவார். மூன்றாவது தடவை கோபம் வந்து உள்ளே போய்விடுவார். எனக்கும் கோபம் வந்தது. ஒரு நிமிஷம் நிக்க முடியாதா என்று அவரிடம் கத்தியிருக்கிறேன். ஒரு முறை இல்லை, பல முறை. முடிந்திருந்தால் நின்றிருப்பார் அல்லவா? அதை யோசிக்கவில்லை. மாசி, பங்குனி என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் இந்தக் கூத்து நடந்தது. எடுத்ததில் பாதி செங்கல், மீதி அப்பாவின் காது.

மே மாதத்தில் ஒரு காலை. பள்ளி விடுமுறை. அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அப்பா வழக்கம்போல வெள்ளைச் சட்டையோடு வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். வேப்பமர நிழலுக்கு இந்தப் பக்கம், முகத்தில் நல்ல வெளிச்சம். நான் கேமராவை எடுத்துக்கொண்டு வந்து அவருக்கு எதிரே, தரையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தேன். சும்மாதான், விரலைப் பழக்கலாம் என்று. அப்பா என்னைப் பார்த்து, ஃபைல் மேலே போயாச்சா என்றார். போயாச்சுப்பா என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பில், ஒரு நொடிதான், பழைய அப்பா இருந்தார். என் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டவர், சின்ன வயதில் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தவர்.

கட்டம் அவர் முகத்தின் மேல் இருந்தது. பாதி அமுக்கினேன். கீக். பச்சை விளக்கு. இந்தத் தடவை அவர் திரும்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் அவர் புருவத்து நரை முடிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. விரலுக்கு அடியில் இன்னும் ஒரு கடுகளவு அழுத்தம்தான் பாக்கி.

விரலை எடுத்துவிட்டேன்.

அம்மா சொன்ன சொல் ஒரு பக்கம். அதை மட்டும் சொன்னால் பொய்யாகும். எனக்கே பயம் வந்துவிட்டது. இவ்வளவு நன்றாக ஒரு படம் எடுத்துவிட்டால் கடைசியில் இதற்குத்தான் மாலை போட வேண்டியிருக்கும், எடுத்தவன் நானாக இருப்பேன் என்று தோன்றிவிட்டது. சூரிய கிரகணத்தன்று மாணவர்களை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய்ப் பாத்திரத் தண்ணீரில் பிம்பம் காட்டி, மூடநம்பிக்கை வேண்டாம் என்று பேசியவன் நான். கேமராவை உறையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன்.

ஜூனில் பள்ளி திறந்து முதல் வாரம். அந்த வருடம் எங்கள் பக்கம் கிணறுகளில் தண்ணீர் இல்லை, மேடவாக்கம் பக்கமிருந்து லாரி வரும். ஹாரன் சத்தம் கேட்டால் தெருவே குடத்தோடு ஓடும். அன்றைக்குக் காலை பத்து மணிக்கு லாரி வந்தது. அம்மா குடங்களை எடுத்துக்கொண்டு ஓடினாள். கேட்டைத் தாழ் போட மறந்தாள், அல்லது இரண்டு கையிலும் குடம் இருந்ததால் முடியவில்லை. நாலு குடம் பிடித்துத் திரும்பி வர இருபது நிமிஷம். அப்பா இல்லை.

பள்ளிக்குப் போன் வந்தது. நான் ஓடி வந்தேன். தெருத் தெருவாக, ஏரிக்கரை, பஸ் நிறுத்தம், அந்தக் காலத்தில் ஆபீஸுக்கு அவர் வழக்கமாக ரயில் ஏறும் பிளாட்பாரம். பெரும்பாக்கம் சதுப்பு நிலம் வரைக்கும் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். ஆபீஸ் போகிற மாதிரி உடுத்தி, வேகமாக நடக்கிற ஒரு பெரியவரை யார் நிறுத்திக் கேட்பார்கள்? பார்த்தோம் சார், ஆபீஸுக்குப் போறார்னு நினைச்சோம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். எந்தப் பக்கம் என்று இரண்டு பேரும் இரண்டு திசையைக் காட்டினார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ கேட்டார்கள். பென்ஷன் புத்தகத்தில் இருந்ததைக் காட்டினேன். ரைட்டர் அதைப் பார்த்துவிட்டு, இது எப்போது எடுத்தது என்று கேட்டார். பத்து வருடம் ஆகிறது என்றேன். அந்தப் படத்தில் அப்பாவுக்கு மை பூசிய கறுப்பு முடி, அடர்ந்த மீசை, உப்பிய கன்னம், தடித்த ஃபிரேம் போட்ட கண்ணாடி. இப்போது வெள்ளை முடி, மீசை இல்லை, பல் விழுந்து கன்னம் ஒட்டியிருந்தது, கண்ணாடியை எங்கோ தொலைத்துவிட்டிருந்தார். இதை வைத்துத் தேடினால் ஆள் கிடைக்க மாட்டார், சமீபத்தில் எடுத்த படம் கொண்டு வாருங்கள் என்றார் ரைட்டர். அவர் சொன்னது நியாயம்தான்.

பிரவுசிங் சென்டருக்குப் போனேன். இருந்த படங்களையெல்லாம் திறந்து பார்த்தோம். இருப்பதில் தேவலை என்று பொங்கல் அன்று எடுத்த ஒன்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். அதில்தான் முகம் நேராக இருந்தது. சென்டர்காரர் கடையை அரைக் கதவு சாத்திவிட்டு எனக்காக இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். பெரிதாக்கினார், வெளிச்சம் கூட்டினார், கூர்மை கூட்டினார். கூட்டக் கூட்ட முகம் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிந்து வந்தது. கடைசியில் மவுஸை விட்டுக் கையை எடுத்தார்.

"படத்துல இருந்தாத்தான் சார் நாம இழுத்துக்கினு வர முடியும். இதுல இல்லியே."

அம்மாவை வெட்டி எடுத்துவிட்டு அப்பாவை மட்டும் வைக்க வேண்டும் என்றேன். அதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. நடுவில்தான் அவ்வளவு இடம் இருந்ததே.

காணவில்லை என்று தலைப்புப் போட்டு ஐந்நூறு நோட்டீஸ் அடித்தேன். வயது, உயரம், வெள்ளைச் சட்டை, காப்பிக் கலர் பேண்ட், ஞாபகமறதி உள்ளவர். ஃபைல் பற்றிக் கேட்பார் என்று எழுதலாமா என்று யோசித்தேன். தெருவில் போகிறவர்கள் படித்துச் சிரிப்பார்கள் என்று விட்டுவிட்டேன். அப்பாவின் மானத்தைக் காப்பாற்றினேனாம்.

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் அம்மா ஒரு நோட்டீஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நான் எங்கே?" என்றாள்.

காணாமல் போனவரைத்தான் போடுவார்கள் என்றேன். அம்மா நோட்டீஸைக் கவிழ்த்து மேஜை மேல் வைத்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பள்ளி விட்டதும் பசை வாளியோடு கிளம்புவேன். பல்லாவரம், குரோம்பேட்டை, வண்டலூர், கூடுவாஞ்சேரி, மேடவாக்கம். ஸ்டேஷன் தூண்கள், டீக்கடைகள், மெடிக்கல் ஷாப்கள். போன் நிறையவே வந்தது. வரும் ஒவ்வொரு போனுக்கும் அம்மா பூஜை அறை வாசலுக்குப் போய் நிற்பாள். நான் போய்ப் பார்ப்பேன். வேறு யாரோ இருப்பார். அந்தப் படத்தில் இருந்த முகம் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தியது. தமிழ்நாட்டில் வெள்ளை முடி உள்ள எந்தக் கிழவரையும் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நிற்கவைத்து இவர்தான் என்று சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். எத்தனை கிழவர்கள் வீட்டை விட்டு வெளியே இருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பெரும்பாக்கத்தில் ஒருவர் என்னைப் பார்த்ததும் எழுந்து கிளம்பத் தயாராகிவிட்டார். நான் உங்கள் பிள்ளை இல்லை ஐயா என்று சொல்லிவிட்டு வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஜூலை, ஆகஸ்ட் போயிற்று. போன்கள் குறைந்து நின்றன. தம்பி வாரம் ஒரு முறை கூப்பிட்டு எதுவும் கேட்காமல் இருந்தான். காலாண்டுப் பரீட்சை முடிந்த விடுமுறையில், இன்னும் தெற்கே போய் ஒட்டலாம் என்று சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போனேன். அங்கே ஸ்டேஷன் தூண்களில் ஜூனிலேயே ஒட்டியிருந்தேன், மெயின் ரோட்டில் ஒரு டீக்கடைச் சுவரிலும் ஒன்று. மழையிலும் வெயிலிலும் அது பாதி வெளுத்திருந்தது. பழையதைக் கிழித்துப் புதியதை ஒட்டப் போனபோது கடைக்காரர் கிளாஸ் கழுவிக்கொண்டே, இன்னும் கிடைக்கலையா சார் என்று கேட்டார். கிடைக்கவில்லை என்றேன். பெரியவர்களை வைத்துக்கொண்டு ரொம்பக் கஷ்டம் என்றார். இதோ இங்கேகூட ஒருவர் வந்து மூன்று நாள் உட்கார்ந்திருந்தார், நல்ல மனுஷன், ஆபீஸர் மாதிரி இருப்பார், யார் என்றே தெரியாது என்றார்.

எப்போது என்று கேட்டேன். ஆனி மாசம், நீங்கள் இந்த நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போன கொஞ்ச நாளில் என்றார். அவர் ஏதாவது பேசினாரா என்று கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணுதான் சார் கேப்பாரு. ஃபைலு மேல போயாச்சான்னு. நான் இன்னாத்த கண்டேன், போயாச்சு சார்னு சொல்வேன். சிரிச்சுக்குவாரு."

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பசை வாளி சாய்ந்து கால் மேல் கொட்டியதுகூடப் பிறகுதான் தெரிந்தது. கடைக்காரருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். சுவரில் இருந்த நோட்டீஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"எனக்கும் சந்தேகம் வந்துது சார். அவரை எழுப்பியாந்து இதோ இந்த இடத்துல, நோட்டீசு பக்கத்துல நிக்க வச்சுப் பாத்தேன். எதிர்க்கடைக்காரனையும் கூப்ட்டுக் காட்டினேன். படத்துல கீற மூஞ்சி வேற மாதிரி இருந்துது. இவரு இல்லன்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டோம்."

பிறகு செங்கல்பட்டு பஸ்ஸில் ஏற்றி அனுப்பினாராம். அங்கே பெரிய பஸ் ஸ்டாண்டு, போலீஸ் இருக்கும், யாராவது விசாரித்து வீட்டில் சேர்ப்பார்கள் என்று. கண்டக்டரிடம் சொல்லி, கையில் ஒரு பன்னும் கொடுத்து அனுப்பினாராம். அவர் மேல் என்ன தப்பு? யாருடைய அப்பாவுக்கோ மூன்று நாள் டீயும் சோறும் கொடுத்தவர். அந்த மனிதர் அழ ஆரம்பித்துவிட்டார். நான்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது. படம் சரியில்லை, உங்கள் மேல் தப்பில்லை, படம்தான் சரியில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அன்றைக்கே செங்கல்பட்டு போனேன். பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி, பிணவறைப் பதிவேடு, எல்லா இடமும் கேட்டேன். மூன்று மாதம் ஆகிவிட்டது, யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஆனி மாதத்தில் அடையாளம் தெரியாத கிழவர்கள் மூன்று பேர் என்று ஆஸ்பத்திரிக்காரர் சொன்னார். படம் இருக்கிறதா என்று கேட்டேன். எடுத்தோம் என்றார், தேடிப் பார்த்துவிட்டுக் கிடைக்கவில்லை என்றார். நான் அவரிடம் சண்டை போடவில்லை. எந்த உரிமையில் போடுவது?

வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம். அம்மா கேட்டருகிலேயே நின்றிருந்தாள். என் கால் சட்டையில் காய்ந்திருந்த பசையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். ஏதாவது தெரிந்ததா என்று கேட்டாள். உள்ளே போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். வரும் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். அவர் மூன்று நாள் அங்கே இருந்தார் அம்மா, நம் நோட்டீஸுக்குப் பக்கத்திலேயே நின்றார் அம்மா. சொன்னால் ஏன் தெரியவில்லை என்று கேட்பாள். அதற்குப் பதில் சொன்னால், தனியாக எடுக்காதே என்று சொன்னதை அவள் நினைத்துக்கொள்வாள். சாகும்வரை நினைத்துக்கொள்வாள். அதை நான் ஒருவன் சுமந்தால் போதும்.

சிங்கப்பெருமாள் கோவிலில் ஒருவர் இருந்ததாகச் சொன்னார்கள், விசாரித்தேன், அது அப்பா இல்லை என்றேன்.

அம்மா என் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டாள். அவள் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. அதைப் பார்க்க முடியாமல் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்போ வேற எங்கேயோ இருக்காரு. அந்தப் பக்கம் ஜனங்க கண்ணுல சரியாப் படலை போல. நாளைக்குப் போய் இன்னொரு ஐந்நூறு அடிச்சுக்கிட்டு வா."

மறுநாள் போய் அடித்துக்கொண்டு வந்தேன். அதே படம்தான். பக்கத்தில் நிற்கவைத்துப் பார்த்து இரண்டு பேர் இவர் இல்லை என்று சொன்ன படம்.